பூட்டு எந்தப் பக்கம்

நீலக் கோட்டுக்கு உள்ளே கணவர் நிற்கிறார், வெளியே நவமலர் நிற்கிறாள், கோடு என்றால் வெறும் டேப்தான், சுவர் வரப்போகிற இடம் இது என்று சிமெந்துத் தரையில் ஒட்டிய இரண்டு விரல் அகல டேப், இன்னும் சுவர் எழும்பவில்லை, ஒரு பலகைகூட வந்து இறங்கவில்லை, ஆனாலும் அதைத் தாண்டிக் கால் வைக்க அவளுக்கு மனம் வரவில்லை, கதவுக்கென்று விட்டிருக்கிற இடைவெளி படியடியில் இருக்கிறது, சுற்றிப் போய் அதற்குள்ளால் நுழைந்தால் அவருக்குப் பக்கத்தில் நிற்கவேண்டிவரும், நின்றால் ஏதாவது சொல்லவேண்டிவரும், நடுவில் நின்று சொல்லிவிட இன்றைக்கு ஆள் இல்லை. இந்தப் பேஸ்மென்டை வரைந்து அமைத்துத் தருகிற பெண் சாம்பவி இன்னும் வரவில்லை. நெடுஞ்சாலையில் விபத்தாம், வாகனங்கள் ஊர்கின்றனவாம், இப்போதுதான் போன் எடுத்தாள், அன்ரி, நீங்கள் ரெண்டு பேரும் கதைச்சு முடிவெடுத்து எனக்கு டெக்ஸ்ட் பண்ணுங்கோ, ஒரே ஒரு கேள்விதான் மிச்சம், கதவுக்குப் பூட்டு எந்தப் பக்கம், உள்பக்கமா வெளிப்பக்கமா, நாளைக்கு ஓடர் பண்ணவேணும் என்றாள், வைத்துவிட்டாள். ரெண்டு பேரும் கதைச்சு. எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டது அந்தப் பெண்.

எங்கே தொடங்கியது இது என்று யோசித்தால் சாப்பாட்டு மேசையில் போய் நிற்கிறது, அவர் ஓய்வு பெற்று அதிக நாள் ஆகவில்லை, புட்டைக் குழைத்துக்கொண்டே, அவளைப் பார்க்காமல், உப்புப் போத்தலைப் பார்த்து, பேஸ்மென்டைத் திருத்தப்போறன் என்றார். உப்புப் போத்தல் பதில் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. அவருக்குப் பேரின்பநாதன் என்று பெயர் வைத்தவர்கள் பிற்பாடு அந்த முகத்தைப் பார்த்திருக்கமாட்டார்கள், அப்படி ஓர் உம்மணாமூஞ்சி, ஆனால் கெட்டவர் என்று நாக்கூசாமல் சொல்லிவிட முடியாது, குடித்தவர் இல்லை, கை நீட்டியவர் இல்லை, பனி கொட்டுகிற நாளில் அவளுடைய காரின் கண்ணாடியைச் சுரண்டி, எஞ்சினைச் சூடாக்கி வைத்துவிட்டு, ஒரு சொல் சொல்லாமல் உள்ளே வந்து சப்பாத்தைக் கழற்றுகிற மனிதர். வாடகைக்கு விடப்போகிறாராக்கும் என்றுதான் முதலில் நினைத்தாள், ஸ்காபரோவில் யார்தான் விடவில்லை, ஆனால் வாடகைக்கு இல்லையாம், ஆக்கள் வந்தால் தங்கவாம், எந்த ஆக்கள், வருகிற நாலு பேரும் மேலே ஆரணியின் அறையில் தங்குகிறார்கள், மகள் கலியாணம் கட்டிக் கல்கரிக்குப் போனதிலிருந்து அந்தக் கட்டில் சும்மாதானே கிடக்கிறது. பிறகு சாம்பவி வந்தாள், கையில் சிவப்புப் புள்ளி அடித்து அளவெடுக்கிற கருவி, புள்ளி சுவரில் ஓடி நின்றது, இந்த இடத்தை எதுக்குப் பாவிக்கப் போறீங்கள் அங்கிள் என்று கேட்டாள், அவர் ஒரு சின்ன அடுப்பு வேண்டும் என்றார், ஷவர் வேண்டும் என்றார், கீழுக்கென்று தனியாகச் சூட்டைக் கூட்டிக் குறைக்கிற பெட்டி வேண்டும், படியடியில் நல்ல கதவு ஒன்று வேண்டும் என்றார், நவமலர் தேநீர்த் தட்டோடு படியில் நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டாள், இவ்வளவும் இருந்தால் ஒரு மனிதர் மேலே ஏறி வரத் தேவையே இல்லை, அந்த நினைப்பு வந்ததும் தட்டு ஒரு பக்கம் சரிந்தது, அவர்கள் இருவரும் பார்த்தார்கள், சாம்பவிதான் ஓடிவந்து தட்டை வாங்கினாள்.

அப்படி ஒரு சோடியை அவளுக்குத் தெரியும், ஏஜாக்ஸில் இருக்கிறார்கள், கலியாண வீடுகளுக்கு ஒரே காரில் வந்து இறங்குவார்கள், சேலைக்குப் பொருத்தமாகக் கழுத்துப்பட்டி, படத்துக்குத் தோளோடு தோள், வீட்டுக்குப் போனதும் அவர் கீழே, அவ மேலே, இரண்டு அடுப்பு, இரண்டு கதவு, ஊர் முழுக்கத் தெரியும், யாரும் அவர்களிடம் சொல்வதில்லை, நவமலரே எத்தனை தரம் அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறாள், இனித் தன்னைச் சொல்லிச் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும், அதுவல்ல அவளை அரித்தது, அந்தக் கதவு மூடுகிற சத்தம் எப்படி இருக்கும் என்பதுதான், மெதுவாக மூடுவாரா, அடித்து மூடுவாரா, மெதுவாகத்தான் மூடுவார், அதுதான் இன்னும் மோசம். ஆனால் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் நவமலரும் அவரும் இருந்ததும் ஒரு பேஸ்மென்டில்தானே, இன்னொருவர் வீட்டுக்குக் கீழே, தலைக்கு மேலே வீட்டுக்காரியின் காலடி, மீன் பொரித்தால் மணம் மேலே போகும், கதைத்தால் சூட்டுக்குழாய் வழியே சத்தம் மேலே போகும், நீர் நேற்று அழுதனீரோ என்று மறுநாள் அவ சிரித்துக்கொண்டு கேட்பா, அதனால் அவர் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிடுவார், இருவரும் சிங்குக்கு முன்னால் ஒட்டி நிற்பார்கள், தண்ணீர் ஓடுகிறது, அவர் கதைக்கிறார், ஆம், அவர்தான், இந்த உம்மணாமூஞ்சிதான், தொழிற்சாலையில் மேலாளர் தன் பெயரைச் சொல்லத் தெரியாமல் நாக்கைக் கடித்ததை, பிழையான பஸ்ஸில் ஏறி, கேட்க வெட்கப்பட்டு, கடைசித் தரிப்பிடம் வரை போய் அதே பஸ்ஸில் திரும்பி வந்ததை, அவள் சிரிப்பு வெளியே கேட்காமல் வாயைப் பொத்துகிறாள், கை ஈரம், அவர் தோள் சூடு. பிறகு சொந்த வீடு வாங்கினார்கள், மேலே யாரும் இல்லை, ஒளிக்க ஒன்றும் இல்லை, எவ்வளவு சத்தமாகவும் கதைக்கலாம், கதை எப்படியோ வற்றிப்போனது.

இல்லை, வற்றவில்லை, பிள்ளையின் வாய்க்குப் போனது. ஆரணி கதைக்கத் தொடங்கிய வயதில் அது விளையாட்டாகத்தான் வந்தது, அப்பாட்டப் போய்ச் சொல்லு, சாப்பாடு ஆறுதெண்டு, பிள்ளை காலுறையோடு மரத்தரையில் வழுக்கி வழுக்கி ஓடும், அம்மா சொல்லுறா ஆறுதாம், இந்தா வாறன் எண்டு சொல்லு, பிள்ளையின் தலைக்கு மேலால் இரண்டு பேரும் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள். எந்த நாளில் அந்தப் பார்வை நின்றது என்று அவளுக்குத் தெரியாது, ஓட்டம் மட்டும் நிற்கவில்லை, கோபமும் பிள்ளை வழியே போனது, சமாதானமும் பிள்ளை வழியே வந்தது, கெட்டிக்காரி, போகிற வழியில் சொல்லைக் கொஞ்சம் சீனி போட்டுக் கலக்கிவிடும், கறி வாயில வைக்கேலாதெண்டு சொல்லு என்று அவர் சொன்னால், நல்லாயிருக்காம் அம்மா, உப்புத்தான் கொஞ்சம் கூடவாம் என்று வந்து நிற்கும். வளர்ந்த பிறகு ஒருநாள், நான் என்ன உங்கட போன் வயரா என்று கத்தியது, கத்திவிட்டு அன்றைக்கும் செய்தியைக் கொண்டுபோய்க் கொடுத்தது. கல்கரிக்குப் போன அன்று விமானநிலையத்தில் கட்டிப்பிடித்து, இனி நீங்களே அப்பாவோட கதையுங்கோ அம்மா என்றாள், நவமலர் ஓம் ஓம் என்று தலையாட்டினாள், திரும்பி வரும்போது காரில் அவர் வானொலியைப் போட்டார். அதற்குப் பிறகு வீட்டில் சொற்கள் காற்றுக்குத்தான் சொல்லப்பட்டன, பால் முடிஞ்சுது என்று குளிர்ப்பெட்டியிடம், மழை வரும்போல கிடக்கு என்று யன்னலிடம், கேட்டவர் கேட்டுக்கொள்ளலாம், கேட்காதவர் விடலாம்.

சாம்பவி வந்ததும் அவர்களுக்கு மறுபடி ஒரு பிள்ளை கிடைத்துவிட்டது. பாவம், அதற்குத் தெரியாது. மேசையில் தரைப்பலகைத் துண்டுகளையும் நிற அட்டைகளையும் பரப்பி வைத்துக்கொண்டு அது இரண்டு பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தது, கிச்சன் தேவையில்லையெண்டு அவரிட்டச் சொல்லுங்கோ பிள்ளை, தேத்தண்ணிக் கேத்தில் வைக்கவாவது ஒரு இடம் வேணுமெண்டு அவவிட்டச் சொல்லுங்கோ, கீழ ஈரம் ஏறும் எண்டு சொல்லுங்கோ, அதுக்கு மெஷின் இருக்கெண்டு சொல்லுங்கோ, கடைசியில் அது பேனையை வைத்துவிட்டு, அன்ரி, அங்கிள் உங்களுக்குப் பக்கத்திலதான் இருக்கிறார் என்றது. இருவரும் ஒரே நேரத்தில் நிற அட்டையைக் குனிந்து பார்த்தார்கள். இத்தனைக்கும் அவள் ஒரு நாளும் நேராக, நீங்கள் கீழே போகப்போறியளோ என்று கேட்கவில்லை, கேட்டால் ஓம் என்று சொல்லிவிடுவார் என்ற பயம், கேட்காத வரைக்கும் அது ஆக்கள் தங்குகிற அறைதான், அதனால் அடுப்போடும் ஈரத்தோடும் மல்லுக்கட்டினாள், பேஸ்மென்டின் கூரையடியில் ஓடுகிற பெரிய சூட்டுக்குழாயில் அவர் தலை அடிபட்டபோது, உச்சியைத் தடவிக்கொண்டு நின்றபோது, உள்ளுக்குள் ஒரு சந்தோஷம், இடிக்கட்டும், இந்த உயரத்துக்குச் சரிவராது என்று விடட்டும், அப்படி நினைத்த தன்னை நினைத்து உடனேயே வெட்கப்பட்டாள், அவரோ குனிந்து நடக்கப் பழகிக்கொண்டார்.

பிறகு அந்தப் படம். அறை முடிந்த பிறகு எப்படி இருக்கும் என்று சாம்பவி கணினித் தட்டில் காட்டினாள், வெளிர் பச்சைச் சுவர், மஞ்சள் வெளிச்சம், ஒற்றைக் கட்டில், கட்டிலில் ஒரு மனிதன் உட்கார்ந்திருக்கிறான், சாம்பல் நிறம், முகம் இல்லை, இது ஆர், பிள்ளை, என்று நவமலர் கேட்ட குரலில் சாம்பவி பயந்துபோனாள், அது சும்மா அன்ரி, அளவு தெரியிறதுக்கு கொம்பியூட்டர் போடுற ஆள். அந்த ஆள் அவளை விடவில்லை, கண்ணை மூடினால் அங்கேயே இருக்கிறான், அவள் படியிறங்குகிறாள், படி முடியவில்லை, சாப்பிட்டீங்களோ என்று கேட்க வாயைத் திறக்கிறாள், வாயில் கொழுக்கட்டை, காலுறை போட்ட சின்ன ஆரணி அவளுக்கும் அவனுக்கும் நடுவில் ஓடுகிறது, ஓடிக்கொண்டே இருக்கிறது, போய்ச் சேரவில்லை, தரை நீளுகிறது, அம்மா என்ன சொல்லவேணும், என்ன சொல்லவேணும் என்று திரும்பிக் கேட்கிறது, அவளுக்குச் சொல்ல ஒன்றும் ஞாபகம் வரவில்லை. விழித்தபோது விடிந்துவிட்டிருந்தது, பக்கத்தில் கையால் தடவிப் பார்த்தாள், அவர் இருந்தார், முதுகு சூடாக இருந்தது, கையை உடனே எடுத்துக்கொண்டாள்.

இப்போது அந்தக் கட்டில் வரப்போகிற நீலச் சதுரத்துக்குள்தான் அவர் நிற்கிறார். வெளிச்சம் சின்ன யன்னலால் சாய்ந்து விழுகிறது, சூடாக்கி இயந்திரம் உறுமத் தொடங்குகிறது, அவர் தரையைப் பார்த்து, உள்பக்கமே நல்லம் என்றார். தரைக்குச் சொன்னார். உள்பக்கம் என்றால் கீழே இருப்பவர் பூட்டலாம், மேலே இருப்பவள் தட்டலாம், அவ்வளவுதான். அவள் போனை எடுத்தாள், உள்பக்கம் என்று எழுதினால் முடிந்தது, இரண்டு பேருக்கும் சங்கடம் இல்லை, விரல் எழுத்துகளைத் தேடுகிறது, எழுத்துகள் கலங்குகின்றன, இதை அனுப்பிவிட்டால் இனி ஒருநாளும் கேட்கமுடியாது என்று அவளுக்குத் திடீரென்று உறைத்தது. இஞ்சாருங்கோ என்றாள். அந்தச் சொல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது, எத்தனை வருஷமாக அதை வெளியே எடுக்கவில்லை, அவரும் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பதுபோல் படியைத் திரும்பிப் பார்த்தார், படியில் யாரும் இல்லை. இந்த அறை ஆருக்கு, என்று கேட்டாள்.

அவர் குழாயைப் பார்த்தார், யன்னலைப் பார்த்தார், பார்ப்பதற்கு வேறொன்றும் அங்கே இல்லாமல் போனபிறகு அவளைப் பார்த்தார். எனக்குத்தான், என்றார்.

இதற்குத்தானே இவ்வளவு நாளும் பயந்தாள், சொல்லியாயிற்று, வீடு இடிந்து விழவில்லை, ஏன் என்று கேட்கக் குரலும் இருந்தது. மேல இருந்தா நீர் கதையாமலிருக்கிறது கேட்டுக்கொண்டே கிடக்கு, என்றார், கீழ வந்தா, ஆள் மேல இருக்கிறா, அதாலதான் கேக்கேல்லை எண்டு நினைச்சுக்கொள்ளலாம். நீங்கள் மட்டும் கதைச்சனீங்களோ என்ற கேள்வி அவள் நாக்கு நுனி வரை வந்தது, நியாயமான கேள்வி, வருஷக்கணக்காகச் சேர்த்து வைத்த கேள்வி, ஆனால் அதைத் தள்ளிக்கொண்டு வேறொன்று வந்தது, நீலக் கோட்டை மிதித்துக்கொண்டு அவள் உள்ளே போனாள், நீங்கள் உள்ளுக்கால பூட்டிப்போட்டு இருக்கேக்கை உங்களுக்கு ஏதும் ஆனா, எனக்கு ஆர் வந்து சொல்லுறது, பிள்ளையும் இஞ்ச இல்லை, எனக்குப் பயமாக் கிடக்கு, என்றாள்.

நானே வந்து சொல்லுவன், என்றார் அவர் உடனே, ஒரு கணமும் யோசிக்காமல், கடைக்குப் போய்ப் பால் வாங்கி வரச் சொன்னால் ஒத்துக்கொள்வதுபோல.

செத்தாப் பிறகோ?

ஓம், என்றார், சொன்னதை மாற்றிச் சொல்ல அவருக்குத் தெரியவில்லை.

அப்ப இண்டையிலயிருந்து கொஞ்சம் கொஞ்சமாச் சொல்லிப் பழகுங்கோ, என்றாள் நவமலர்.