பெலிக்கன்ஸின் ஆள்

ராகவி அப்பாவின் வாயருகே அரிசியைக் கொண்டுபோனபோது பின்னால் சலசலப்பு எழுந்தது. மண்டபத்தின் கடைசி வரிசையில், ஏழடியை நெருங்கும் ஒரு வெள்ளைக்காரர், எங்கே உட்காருவதென்று தெரியாமல் நின்றிருந்தார்.

"ஆர் பிள்ளை அது?" என்று அம்மா யோகா கேட்டாள்.

"தெரியேல்லையம்மா."

அரிசியைப் போட்டாள். அப்பாவின் உதடுகள் மூடியிருந்தன. வீட்டிலும் அவை அதிகம் திறந்ததில்லை.

அப்பா ஜெயரட்ணத்துக்குக் கிழமை நாட்களில் ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை. சனிக்கிழமைகளில் பெலிக்கன்ஸ் கூடைப்பந்து அணிக்குத் தரை துடைத்தார். வியர்வை விழுந்த இடத்துக்குத் துவாயோடு ஓடி, துடைத்துவிட்டு, ஆட்டம் மறுபடி தொடங்குமுன் கோட்டுக்கு வெளியே வந்துவிட வேண்டும். அணி ஒரு தகரக்கூரை அரங்கில் தொடங்கியபோதே சேர்ந்துவிட்டார். இறுதிப்போட்டியில் ஒரு புள்ளியால் தோற்ற வருடத்திலும் இருந்தார். பார்க்க ஆளில்லாமல் இருக்கைகள் காலியாகிய வருடங்களிலும் இருந்தார். பதின்மூன்று வருடம்.

சனிக்கிழமைகளில் ராகவி வாசல்வரை பின்னால் போவாள்.

"அப்பா, நானும் வரட்டே?"

"அடுத்த சீசன் கூட்டிக்கொண்டு போறன், பிள்ளை."

அவளுக்குப் பதினைந்து வயதானபோது அணியை மூடிவிட்டார்கள். அந்தச் சனிக்கிழமை அப்பா சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, வெகுநேரம் கதிரையிலேயே இருந்தார்.

கிரியைகள் முடிந்ததும் அந்த மனிதர் ராகவியிடம் வந்தார். பெயர் டேரன். பெலிக்கன்ஸின் கடைசிக் கப்டன். ஆங்கிலத்தில்தான் பேசினார், ஒரு சொல்லைத் தவிர.

"உன் அப்பா எங்களைப் பார்த்துக் கத்துவார். நாங்கள் களைத்துப் போகும்போதெல்லாம், கோட்டோரத்தில் துவாயைச் சுழற்றிக்கொண்டு, 'ஓடடா! ஓடடா!' எங்களுக்குச் சிரிப்பு வந்துவிடும். பிறகு ஓடுவோம்."

"அப்பாவா? சத்தமாகவா?"

"கூரை அதிரும்."

ராகவி பெட்டியைப் பார்த்தாள். முப்பத்தொரு வருடத்தில் அந்தக் குரலை அவள் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

"அவர் கத்தின மாதிரியே ஒருக்கா சொல்லுங்கள்" என்றாள்.

டேரன் வாயைத் திறந்தார். பிறகு இல்லையென்று தலையசைத்தார்.

"அது எனக்கு வராது."

பாலகிருஷ்ணன் மாமா அவசரமாக வந்தார். "தூக்க இன்னொராள் வேணும். என்ர மகன் சுஜீதன் இன்னும் வந்து சேரேல்லை."

"இவர் தூக்கட்டும் மாமா."

"உயரம் ஒத்துவராது பிள்ளை. பெட்டி சரியும்."

"இவரும் தூக்கட்டும்."

மாமா அவள் முகத்தைப் பார்த்தார். விலகி, பெட்டியின் பின்மூலையைக் காட்டினார்.

ஆறு பேர் குனிந்து பெட்டியைத் தோளுக்கு ஏற்றினார்கள். டேரனின் பக்கம் மேலெழுந்தது. பெட்டி முன்னால் சரிந்தது. யோகா "ஐயோ" என்றாள்.

டேரன் முழங்கால்களை மடக்கினார். பெட்டி மெல்ல நேரானது. வாசலில் நின்ற வாகனம்வரை, நிமிராமல், அப்படியே சின்னச் சின்ன அடியாக எடுத்து வைத்து நடந்தார்.