தரிசுப் பருத்தியில் மூன்று பூச்சி

தஞ்சைத் தரணியின் வேளாண் வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கத்தக்க ஓர் எண்ணை இன்று வெளியிடுகிறேன். அனைவரும் எழுந்து நிற்க. அந்த எண்: மூன்று.

உட்காரலாம்.

1

இந்தக் கதை என் மூளையில் உதித்ததல்ல. ஒரத்தநாடு போகும் பஸ்ஸில் ஜன்னலோர இருக்கைக்காரர் சொன்னது. பெயர் முருகையன். எண்பத்தாறாம் வருஷம், பாபநாசத்துக்குத் தெற்கே ஒரு கிராமத்தில், பருத்தி வயல்களில் பூச்சி எண்ணுவது அவருடைய அரசாங்க வேலை. (பஸ்ஸில் அவர். கதைக்குள் இளைஞனாகிவிடுவதால் அவன். வயதைக் குறைத்தால் மரியாதையையும் கழித்துக்கொள்வது தமிழ் வழக்கம்.)

முதலில் இப்படித் தொடங்கினேன்: "கதிரவன் தன் பொற்கரங்களால் காவிரித் தாயின்—"

வேண்டாம். மேடைப் பேச்சாளர் யாராவது எடுத்துக்கொள்ளட்டும். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் எருமைகூட அடுக்குமொழியில்தான் கத்தும்.

2

நெல் அறுத்த வயலில் ஈரம் காய்வதற்குள் பருத்தி ஊன்றுவார்கள். அதற்கு அரசாங்கம் வைத்த பெயர் 'நெல் தரிசுப் பருத்தி'.*

வயல் நடுவே ஒரு குச்சி. அதில் ஒரு பிளாஸ்டிக் புனல். புனலுக்குள் பெண் பூச்சியின் வாசனை ஏற்றிய ரப்பர்த் துண்டு. இல்லாத அந்தப் பெண்ணைத் தேடி வரும் ஆண் பூச்சிகள் கீழே கட்டிய பைக்குள் விழும். காலையில் எண்ண வேண்டும். எட்டைத் தாண்டினால் காய்ப்புழு வரப்போகிறது, மருந்தடிக்கச் சொல்ல வேண்டும். எண்ணிக்கையை நோட்டில் எழுதி, சாகுபடி செய்பவரிடம் கைநாட்டு வாங்க வேண்டும்.

அவன் சுற்றில் குத்தகைக்காரி காத்தாயியின் வயல்தான் கடைசி. வழியில் வாய்க்கால் மதகு, அதன்மேல் கவிந்த புங்கமரம். முருகையன் சைக்கிளைச் சாத்திவிட்டுக் கொஞ்சம் உட்காருவான். மாசிப் பனியில் வயலும் வானமும் ஒரே பாலாகக் கிடக்கும். கண் சொருகும். வைக்கோல் நிறச் சிறகுகள் பனியிலிருந்து பிரிந்து வந்து அவன் முழங்கையில் உட்காரும். ஒன்று, இரண்டு, மூன்று. எப்போதும் மூன்று. விழித்தவுடன் மறப்பதற்குள் எழுதிவிடுவான்: 3. தூரத்தில் ஓர் உருவம் குனிந்து களை எடுத்துக்கொண்டிருக்கும். காத்தாயி.

(இங்கே 'சோம்பேறி' என்று எழுதி அடித்தேன். கனவில் வந்ததை எழுதிச் சம்பளம் வாங்குகிறவனை நான் திட்டினால் என் பிழைப்பு என்ன ஆவது?)

ஒரே ஒரு நாள் வரப்புவரை போனான்.

"அக்கா, மூணு வாரத்துக்கும் சேத்து வச்சிருங்க."

"எதுக்கு தம்பி வைக்கிறேன்?"

"பூச்சி வந்துச்சுன்னு."

"பூச்சி வந்ததுக்கெல்லாம் என்னைய சாட்சி கேக்குது கவர்மெண்டு. சரி, மைய எடு."

இருபத்தொரு கைநாட்டு.

* தரிசு என்றால் பயிர் வைக்காத நிலம். அப்புறம் அதில் பருத்தி எப்படி என்று கேட்காதீர்கள். அச்சானது அச்சானதுதான்.

3

நிலத்துக்காரர் பஞ்சநதம். ஆட்சி மாறினால் அவர் தோள்துண்டின் கரை மாறும். நிலம் மட்டும் கை மாறியதில்லை. பன்னிரண்டு வருஷம் வாய்மொழிக் குத்தகையில் பயிர் வைத்த காத்தாயி, குத்தகைதாரர் பதிவேட்டில் தன் பெயரை ஏற்றச் சொல்லி மனுப் போட்டாள். ஏறினால் அவளை அசைக்க முடியாது. ஏறாவிட்டால் அடுத்த நடவுக்கு வரப்பில் கால் வைக்க முடியாது. அவள்தான் சாகுபடி செய்தாள் என்று சொல்லும் காகிதம் உலகத்தில் ஒன்றே ஒன்று: முருகையனின் பூச்சி நோட்டு.

விசாரணை வைகாசியில் தாலுகா ஆபீஸில் நடந்தது. மின்விசிறி தூக்கத்தில் பேசுவது போல முனகிக்கொண்டிருந்தது. பஞ்சநதத்தின் வக்கீல் நோட்டைத் தூக்கிக் காட்டினார்.

"நிலம் தரிசாக் கிடந்துச்சுங்கறதுதான் எங்க கட்சி. நோட்டு அட்டையில கவர்மெண்டே அச்சடிச்சிருக்கு பாருங்க. தரிசு."

அதிகாரி முருகையனிடம் திரும்பினார். "தரிசா, பருத்தியாய்யா?"

"தரிசுப் பருத்திங்க சார்."

"ரெண்டுல ஒண்ணு சொல்லு."

வக்கீல் பக்கம் புரட்டினார். "இருபத்தொரு நாளும் மூணே மூணு பூச்சி. நாலாவது பூச்சிக்குத் தடையுத்தரவு போட்டிருந்தாங்களா? இவரு வயலுக்கே போகலைங்க. கைநாட்டெல்லாம் ஒரே நாள்ல வாங்குனது."

காத்தாயி முன்னால் வந்தாள். "பூச்சி வந்துச்சோ வரலியோ, ஐயா. நான் தெனம் வந்தேன்ல? நீ சொல்லு தம்பி."

அதிகாரி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு முருகையனைப் பார்த்தார்.

4

முடிவு, முதல் வரைவு. "தினமும் போனேன், எண்ணினேன்" என்கிறான். நோட்டு நிற்கிறது. அவள் பெயர் ஏறுகிறது, அவன் வேலை தங்குகிறது, நீதி வென்றது என்று— பொய் சொல்லி வென்ற நீதிக்குக் கைதட்டல் நன்றாகத்தான் கேட்டது. கிழித்துவிட்டேன்.

இரண்டாவது. "போகலைங்க. மதகுல தூங்கிட்டேன். ஆனா முழிச்சப்பல்லாம் அக்கா வயல்ல இருந்தாங்க." வேலை போகும். தூங்கியவன் சாட்சி செல்லுமா? அதைவிட, அந்த மூன்று பூச்சியும் கனவென்றால், பனியில் குனிந்திருந்த உருவம்? அதை விழித்துத்தான் பார்த்தானா? அவனுக்கே தெரியவில்லை.

மூன்றாவது. ஜன்னல் வழியே மாசிப் பனி உள்ளே வருகிறது, வக்கீல் கரைகிறார், நோட்டின்மேல் வைக்கோல் நிறச் சிறகுகள், ஒன்று, இரண்டு— (மன்னிக்கவும். எனக்கும் கண் சொருகிவிட்டது.)

"அப்பறம் என்னங்க சொன்னீங்க?" என்று பஸ்ஸில் கேட்டேன். அவர் இறங்கும் இடம் வந்துவிட்டது. இறங்கிவிட்டார்.

ஆகவே அதிகாரி இன்னும் பேனாவோடுதான் உட்கார்ந்திருக்கிறார், காத்தாயி நின்றுகொண்டிருக்கிறாள். பதிலை நீங்களே சொல்லிவிடுங்கள். எதைச் சொன்னாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. இடையில் அவர் சொன்னதில் ஒன்றை எழுத விட்டுப்போயிற்று.

யாரும் எண்ணாததால் மருந்தடிக்கவில்லை. அந்த வருஷம் காத்தாயியின் பருத்தி முழுவதையும் புழு தின்றுவிட்டது.