பாத் வரியை அழித்தவள்

சத்யப்ரியாவின் ஒப்பந்தம் அன்றைய சனிக்கிழமையோடு முடிகிறது. ஓசூர் சிப்காட்டில் பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனி. நீட்டித்தால் இங்கே, இல்லையென்றால் சொந்த ஊர் சாத்தூருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். மேனேஜர் கோவிந்தப்பன் பதினொரு மணிக்கு வந்து அவள் வேலையைப் பார்க்கப்போகிறார். ஆர்டர் வெப்சைட்டை யார் கையும் படாமல் தானே திறந்து, தானே சோதிக்கிற செலினியம் புரோகிராம் அது.

அதுவோ காலையிலிருந்து முரண்டு பிடித்தது. வெப்சைட்டைத் திறக்கிற ஃபயர்ஃபாக்ஸ் பாத்தில் இல்லை என்று ஒரே பாட்டு. பாத் என்பது, எந்தப் புரோகிராம் எந்த ஃபோல்டரில் கிடக்கிறது என்று கம்ப்யூட்டர் தேடிப் பார்க்கிற நீளமான வரி. அதன் கடைசியில் ஃபயர்ஃபாக்ஸின் ஃபோல்டரைச் சேர்த்தால் தீர்ந்தது. இவள் என்ன செய்தாள்? கம்ப்யூட்டருக்கு வருமுன் இரண்டு வருடம் லேத்தில் நின்றவள் இல்லையா? புது டூல் மாட்டுமுன் பழசைக் கழற்றியே பழகிய கை. வரி முழுவதையும் அழித்துவிட்டு, புது ஃபோல்டரை மட்டும் எழுதி ஓகே கொடுத்தாள். கெட்டது குடி!

கட்டளை அடிக்கப் புதிதாகத் திறந்த கறுப்பு ஜன்னல், இப்போது புரோகிராமை ஓட்டுகிற ஜாவாவையே தெரியாது என்றது. பக்கத்து மேசை ஹரீஷ்குமார் எட்டிப் பார்த்தான்.

"என்னா சத்யா, மூஞ்சி செத்துப் போச்சு?"

"பாத்தைப் பூராத்தையும் அழிச்சிட்டேன்ணே. அதுல என்ன இருந்துச்சுன்னே தெரியல."

"எல்லாத்தையும் மூடிட்டு ரீஸ்டார்ட் பண்ணிப் பாரு."

மூடப் போனவளின் கை நின்றது. அடியில், காலையில் திறந்த இன்னொரு கறுப்பு ஜன்னல். சும்மா ஜாவா என்று அதில் அடித்தாள், பதில் வந்தது. அழிப்பதற்கு முன்பே திறந்ததால் பழைய வரி அதனிடம் அப்படியே இருந்திருக்கிறது. பாத் என்று அடித்ததும் முழு வரியும் வந்து விழுந்தது. எடுத்துப் பழைய இடத்தில் ஒட்டினாள். பிரித்துக் காட்ட ஓர் அரைப்புள்ளி வைத்து, பிறகு ஃபயர்ஃபாக்ஸைச் சேர்த்தாள்.

கோவிந்தப்பன் வந்தபோது ஃபயர்ஃபாக்ஸ் தானாகத் திறந்து, பெயர் அடித்து, பட்டன் பட்டனாக அழுத்திக்கொண்டு போனது. அவளுக்கு மறைக்க மனசு வரவில்லை.

"சார், காலைல பாத்தையே அழிச்சிட்டேன். அப்புறந்தான் சரி பண்ணேன்."

"சரி பண்ணிட்டல்ல?" அவர் திரையிலிருந்து கண்ணெடுக்கவில்லை. "ஸ்டோர்ஸ்ல நாலு கம்ப்யூட்டர் இருக்குதும்மா. திங்கக்கிழமை வந்து அதுலயும் போட்டுடு."

அவர் கதவைத் தாண்டிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது: ஒப்பந்தம் இன்றோடு முடிகிறதே!

"அண்ணே, திங்கக்கிழமை..." என்றாள் ஹரீஷ்குமாரிடம். மேசை நாள்காட்டியில் அந்தத் தேதியைச் சுழித்தாள்.