கடித்து வைத்த ரொட்டி

நான் கடித்து வைத்துவிட்டுப் போன ரொட்டி இன்னும் காய்ந்திருக்கவில்லை. முன்னறைச் சுவரில், முந்தின நாள் காலையில் அம்மா அறைந்த ஆணியில், வாய் வைத்த இடம் வெள்ளையாகத் தெரிய அது தொங்கிக்கொண்டிருந்தது. கையில் அதே பை, தோளில் அதே சால்வை. காலணியைக்கூடக் கழற்றாமல் நின்று அதை விரலால் தொட்டுப் பார்த்தேன். அமுங்கியது.

எங்கள் பக்கத்தில் தூரதேசம் போகிறவர்கள் புறப்படும்போது ரொட்டியில் ஒரு வாய் கடித்து வைத்துவிட்டுப் போவார்கள். மிச்சத்தை வீட்டார் சுவரில் மாட்டி வைப்பார்கள். போனவர் திரும்பி வந்து, கல்லாகிப் போன அந்த ரொட்டியைத் தேநீரில் ஊறவைத்துத் தின்று தீர்க்கவேண்டும். வேறு யாரும் அதைத் தின்னக் கூடாது. மிச்சம் வைத்த ரொட்டி ஆளைத் திரும்ப இழுத்துக்கொண்டு வந்துவிடுமாம். என்னுடையது மகா சுறுசுறுப்பான ரொட்டி, மறுநாள் சாயங்காலமே இழுத்து வந்துவிட்டது.

அம்மா என்று நான் சொல்வது என் மாமியாரை, ஹோசியத் அவள் பெயர். அடுக்களையிலிருந்து வந்தவள் என்னைப் பார்த்தாள். பிறகு என் முதுகுக்குப் பின்னால் திறந்து கிடந்த தெருக்கதவைப் பார்த்தாள்.

"யாராவது பாத்தாங்களா?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன். போய்க் கதவைத் தாழிட்டு வந்த பிறகுதான் என் கையிலிருந்த பையை வாங்கினாள்.

நடந்தது இதுதான். நானும் என் கணவர் எகம்பெர்தியும் இரண்டு வருடமாக ரஷ்யாவில், சமாரா நகரத்தில் இருந்தோம். அவருக்குச் சுவர் பூசும் வேலை. எனக்கு மொத்தச் சந்தையில் வெங்காயமும் காரட்டும் தரம் பிரிக்கும் வேலை. என் தம்பியின் கல்யாணம் வந்தது. அக்கா இல்லாமல் எப்படி என்று நான் மட்டும் புறப்பட்டு ஊருக்கு வந்தேன். அவர் வந்தால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். கல்யாணம் முடிந்தது, பழைய ரொட்டியைத் தின்றேன், புது ரொட்டியைக் கடித்தேன், சமர்கந்தில் விமானம் ஏறினேன். சமாராவில் இறங்கியபோது, கண்ணாடிக் கூண்டுக்குள்ளிருந்த பெண் என் கடவுச்சீட்டை வைத்துக்கொண்டு திரையை வெகுநேரம் பார்த்தாள். அனுமதித்த காலத்துக்கு மேல் தங்கியிருக்கிறாய், ஐந்து வருடம் இந்த நாட்டுக்குள் வரக் கூடாது என்றாள். கோபமில்லை, குரலில் ஒன்றுமே இல்லை. சந்தையில் அழுகின வெங்காயத்தை நானும் அப்படித்தான் ஒதுக்கிப் போடுவேன்.

தப்பு எங்களுடையதுதான், ஆனால் ஊரே சேர்ந்து செய்த தப்பு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கோஃபுர் என்பவரின் பேருந்தில் ஏறிக் கஸாக் எல்லைக்குப் போவோம். வெளியே போன முத்திரை ஒன்று, சாலையோரக் கடையில் ஒரு தேநீர், உள்ளே வந்த முத்திரை ஒன்று. அதோடு தங்கும் நாட்களின் கணக்கு புதிதாகத் தொடங்கிவிடும். பேருந்தில் பாட்டும் சிரிப்புமாக, பாதிப்பேர் அதைத்தான் விடுமுறை என்று நினைத்துக்கொண்டிருந்தோம். நடுவில் சட்டத்தை மாற்றிவிட்டார்கள். எத்தனை முத்திரை குத்தினாலும் அரை வருடத்தில் மூன்று மாதம்தான் என்று. யாரோ கேள்விப்பட்டு வந்து சொன்னபோது, அதெல்லாம் பக்கத்து நாட்டுத் தாஜிக்குகளுக்கு, நமக்கில்லை என்றார் கோஃபுர். அவர் பேச்சைக் கேட்டு எல்லோரும் நிம்மதியாகத் தேநீர் குடித்தோம்.

அந்த இரவு முழுக்க என்னைப் போன்ற பத்துப் பன்னிரண்டு பேரோடு ஓர் அறையில் உட்கார்ந்திருந்தேன். எகம்பெர்தி வெளியே, வருகிறவர்கள் வரும் வாசலில் நின்றிருந்தார். நான் அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்த கனமான கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பதாகத் தொலைபேசியில் சொன்னார். வெளியே உறைகிற குளிர், நான் மெல்லிய சால்வையோடு இறங்குவேன் என்று அவருக்குத் தெரியும். எங்களுக்கு நடுவே சுவர் இரண்டோ மூன்றோதான் இருந்திருக்கும். காலையில் வேலைக்கு நேரமாகிவிட்டதென்று கோட்டோடு திரும்பிப் போனார். என்னை வந்த வழியே விமானம் ஏற்றி அனுப்பினார்கள். அவரை நான் நேரில் பார்க்கவேயில்லை, அன்றும் சரி, பிறகும் சரி.

அம்மாவின் யோசனைப்படி நான் நாலு நாள் ஒளிந்திருக்கவேண்டும். தெருப் பெண்கள் அத்தனை பேரும் வாசலில் நின்று, கையேந்தி ஆமீன் சொல்லி வழியனுப்பியிருந்தார்கள். மறுநாளே திரும்பி வந்தால் என்ன நினைப்பார்கள்? மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றாள். பகலெல்லாம் உள்ளறையில் திரைச்சீலையை இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். சமாராவில் நாங்கள் இருந்த அறையில் ஒரு துணித்திரையைக் கட்டி, இந்தப் பக்கம் நாங்களும் அந்தப் பக்கம் இன்னொரு ஜோடியும் குடியிருந்தோம். அவர்கள் இருமினால் எங்களுக்குத் தூக்கம் கலையும். எப்போது நமக்கென்று ஒரு முழு அறை கிடைக்கும் என்று ஏங்கியிருக்கிறேன். இப்போது எனக்கு ஐந்து அறைகள் இருந்தன, இரும ஆளில்லை.

ஒளிந்திருந்ததைக் காட்டிக்கொடுத்தது விளக்குமாறு. எங்கள் ஊரில் விடியுமுன் முற்றத்தையும் வாசல் தெருவையும் பெருக்கி வைப்பது மருமகளின் வேலை. மல்பெரி இலை உதிர்கிற காலம். அம்மா வலிக்கிற முழங்காலோடு இரண்டு நாள் இலையை இங்கிருந்து அங்கே தள்ளிக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை. இருட்டோடு இருட்டாக வெளியே போய்ப் பெருக்கிவிட்டு வந்து படுத்துக்கொண்டேன். பக்கத்து வீட்டு பஹ்ரி அக்கா ரொட்டி மாவுக்குப் புளித்த மாவு கேட்கிற சாக்கில் வந்தாள். நான் உள்ளறையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"முழங்கால் சரியாயிடுச்சா ஹோசியத் அக்கா?" என்றாள். அம்மா ஏதோ முனகினாள்.

"தெருவுல கோடு அடுக்கடுக்கா விழுந்திருக்கு. இது உங்க கை இல்ல. பொண்ண வெளிய வரச் சொல்லுங்க, புழுங்கிச் சாகப் போறா."

நான் வெளியே வந்தேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். ஒன்றும் கேட்காமல் தோளைப் பிடித்து அணைத்துக்கொண்டாள். அவளிடம் மாவு வாசனை அடித்தது. விமான நிலையத்தில் வராத அழுகை அப்போதுதான் வந்தது.

"அழாதடி. உங்க வீட்டுக்காரரு தடையால நிக்கிறாரு. எங்க ஆளு எந்தத் தடையும் இல்லாம ஏழு வருஷமா வரல" என்றாள்.

எனக்கிருந்த தடை எகம்பெர்திக்கும் இருந்தது. ஒரே பேருந்து, ஒரே முத்திரை. அவர் அங்கேயே இருக்கிறவரை யாரும் கேட்கமாட்டார்கள். வெளியே ஓர் அடி வைத்தால் அவருக்கும் கதவு சாத்திக்கொள்ளும். நான் உள்ளே போகமுடியாது, அவர் வெளியே வரமுடியாது. வந்தால் வந்ததுதான். இது எங்கள் இருவருக்கும் தெரியும். அதனாலேயே அதை மட்டும் நாங்கள் பேசவில்லை.

முதலில் தினமும் கூப்பிடுவார். முகத்தில் சுண்ணாம்புத் தூசியோடு தொலைபேசியின் திரையில் தெரிவார். சிரித்தால் முன்பற்களின் சந்து தெரியும். நான் அவரிடம் முற்றத்தைக் காட்டுவேன், பனியைக் காட்டுவேன், அம்மாவைக் காட்டுவேன். அம்மா தொலைபேசிக்குள் குனிந்து, சாப்பிட்டாயா என்று ஊருக்கே கேட்கிறமாதிரி கத்துவாள். வைக்கும் முன் நான் என் கோட்டைப் பற்றிக் கேட்பேன். கதவுக்குப் பின்னால் மாட்டியிருக்கேன் என்பார். ஒருமுறை திருப்பிக் காட்டினார். அங்கே அது என் தோள் இல்லாமல் தொங்கிக்கொண்டிருந்ததைப் பார்க்க எனக்கு ஏனோ தெம்பாக இருந்தது. என்னுடைய ஏதோ ஒன்று இன்னும் அந்த அறையில் குடியிருக்கிறது.

என் ரொட்டியை நான் தின்னவில்லை. அம்மாவும் தின்னச் சொல்லவில்லை. தின்றால் வந்து சேர்ந்துவிட்டேன் என்று ஆகும். நான் இன்னும் வழியில்தான் இருக்கிறேன், எங்கோ ஒரு கண்ணாடி அறையில், யாராவது பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று உட்கார்ந்துகொண்டிருக்கிறேன். அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். அம்மா அறைந்த ஆணி அவள் கைக்கு எட்டுகிற உயரத்தில் இருந்தது. அதற்கு மேலே, உத்தரத்தை ஒட்டி, எகம்பெர்தி தன் உயரத்துக்கு அறைந்த ஆணி. முதல்முறை நாங்கள் சேர்ந்து புறப்பட்டபோது அதில்தான் இரண்டு ரொட்டியையும் மாட்டினார். அவருடையது இரண்டு வருடமாக அங்கேயே இருக்கிறது. வாரம் ஒருமுறை சுவரோரம் கிடக்கும் மரப்பெட்டியின் மேல் ஏறி அதைத் தூசி தட்டுவேன். கடித்த இடத்தின் நடுவில் மெல்லிய ஒரு தடுப்பு நிற்கும். அது அவருடைய பல்லின் சந்து. அதன் மேல் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பெட்டிமேலேயே நிற்பேன். அம்மா பார்த்தும் பாராததுபோல் போய்விடுவாள்.

குளிர்காலம் பாதி போனபோது அழைப்புகள் குறைந்தன. வேலை அதிகம் என்றார். அந்த இன்னொரு ஜோடி வேறிடம் போய்விட்டது, திரையைக் கழற்றிவிட்டோம், இப்போது ஆறு ஆண்கள் இருக்கிறோம் என்றார். நான் கோட்டைப் பற்றிக் கேட்டேன்.

"அதக் குடுத்துட்டேன் ஹுமோர். சந்தைக்குப் புதுசா ஒரு பொண்ணு வந்திருக்கு, குளிர்ல நடுங்கிட்டிருந்துச்சு. இங்க சும்மாதானே தொங்குது."

நல்ல காரியம் என்றேன். வேறென்ன சொல்வது? குளிரில் நடுங்குகிற பெண்ணுக்குக் கோட்டைக் கொடுக்காதே என்று எந்த மனுஷி சொல்வாள்? அவர் இளகின மனசுக்காரர், அதற்காகத்தான் அவரைப் பிடித்தது. ஆனால் அன்றைக்கு வாசலைப் பெருக்கும்போது கை ஓடவில்லை. என் கோட்டின் இடப்பக்கப் பையில் ஓட்டை, சில்லறை போட்டால் உள்ளே இறங்கிவிடும். அந்தப் பெண்ணுக்கு அதை யார் சொல்லியிருப்பார்கள் என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். பொறாமை என்றால் பொறாமைதான். பயம் அதைவிட அதிகமாக இருந்தது.

அடுத்தமுறை அவர் கூப்பிட்டபோது சொல்லிவிட்டேன்.

"நீங்க வந்துருங்க."

அவர் சிரிக்கப் பார்த்தார். வந்து என்ன செய்வது, இரண்டு பேரும் ஐந்து வருடம் முற்றத்தில் உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பதா என்றார். ஆமாம் என்றேன், அதைத்தான் கேட்கிறேன். இங்கேயும் சுவர் இருக்கிறது, பூசுவதற்கு. அவர் சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டார். எங்கள் முற்றத்தில் சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

அப்புறம் வெகுநாள் பேச்சில்லை. நான் கூப்பிட்டால் மணி அடித்து ஓயும். பஹ்ரி அக்கா தினமும் ஏதாவது சாக்கில் வந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போவாள். பாதாம் மரம் பூத்துக் கொட்டத் தொடங்கிய ஒரு மதியம் அவராகவே கூப்பிட்டார். அம்மா முன்னறையில் கம்பளி கோதிக்கொண்டிருந்தாள். நான் எதிரே உட்கார்ந்து நூலைச் சுற்றிக்கொண்டிருந்தேன். தொலைபேசியை நடுவில் வைத்தோம். படம் வரவில்லை, குரல் மட்டும். உடம்பு எப்படி, மாடு கன்று போட்டதா, கூரையில் ஒழுகுகிறதா என்றெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒன்றைச் சொல்லவந்தவர் மற்றதையெல்லாம் கேட்கிறார் என்று எனக்குப் புரிந்தது. அம்மாவுக்கும் புரிந்திருக்கவேண்டும், கோதுவதை நிறுத்திவிட்டாள்.

"ஹுமோர், அந்த ரொட்டிய எடுத்துருங்க. ரெண்டு வருஷம் ஆச்சு, பூச்சி வச்சிருக்கும். நொறுக்கிக் குருவிக்குப் போட்டுருங்க" என்றார்.

இறந்துபோனவரின் ரொட்டியைத்தான் அப்படிக் குருவிக்குப் போடுவார்கள். அது அவருக்குத் தெரியாததில்லை. நான் அம்மாவைப் பார்க்கவில்லை. நூல் உருண்டையை மடியில் வைத்தேன்.

"எனக்கு எட்டாதுங்க. ஆணி உங்க உயரத்துக்கு அடிச்சிருக்கு."

"பெட்டி மேல ஏறினா எட்டுமே."

அப்போது அம்மா எழுந்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு, சுவரைத் தடவித் தடவிப் போய், அந்த மரப்பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"பெட்டி காலியா இல்ல. நீங்களே வந்து எடுங்க" என்றேன்.

வைத்துவிட்டாரோ என்று பார்த்தேன், இல்லை, இணைப்பு இருந்தது. தூரத்தில் யாரோ வாளியைத் தரையில் வைக்கிற சத்தம், ரஷ்ய மொழியில் ஒரு கூப்பாடு. அவர் மூச்சு விடுவது கேட்டது. சரி, பார்ப்போம் என்றாரா, வெறும் சரி என்றாரா, எனக்குத் தெளிவாகக் கேட்கவில்லை. பிறகு திரை அணைந்தது.

நான் போய் அடுப்பில் தண்ணீர் வைத்தேன். பெரிய கிண்ணத்தில் பச்சைத் தேநீரை ஊற்றி எடுத்து வந்து, என் ஆணியிலிருந்து என் ரொட்டியை இறக்கினேன். அதற்குப் பெட்டி தேவைப்படவில்லை. கல்லாக இருந்தது. உடைத்து ஊறப்போட்டு, ஊறின இடமாகப் பார்த்துக் கிள்ளித் தின்றேன். நான் வந்து சேர்ந்துவிட்டேன். ஐந்து வருடமோ அதற்கு மேலோ, என் வீடு இதுதான். அதைச் சொல்லிக்கொள்ள இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது. அம்மாவிடம் கிண்ணத்தை நீட்டினேன், தேநீரை மட்டும் ஒரு வாய் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

தின்று முடிக்கச் சாயங்காலமாகிவிட்டது. மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து பார்க்கிறேன், அம்மா இன்னும் இறங்கவில்லை. தரைக்கு எட்டாத கால்களைத் தொங்கப் போட்டுக்கொண்டு, கதவைப் பார்த்தபடி பெட்டிமேலேயே உட்கார்ந்திருந்தாள். அவள் தலைக்கு மேலே எகம்பெர்தியின் ரொட்டி இருந்தது, கடித்த பக்கம் வாசலைப் பார்க்க.