பின்னறைக்கு நான் எழுதிய வரி

அலுவலகத்தில் எனக்கு 'விரிசல்' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருக்கிறது. மெட்ரோ ரயிலுக்குச் சுரங்கம் தோண்டுவதற்கு முன், அந்தப் பாதைக்கு மேலே இருக்கும் வீடுகளுக்குப் போய், ஏற்கனவே உள்ள விரிசல்களை அளந்து, படம் எடுத்து, படிவத்தில் எழுதுவது என் வேலை. தோண்டிய பிறகு புதிதாக விரிசல் விட்டால் ஒப்பந்தக்காரர் சரிசெய்து தர வேண்டும். படிவத்தில் இருந்தால் பழையது, அவர் கையை உதறிவிடலாம்.

தூண்கள்மேல் ஜம்பமாக வரும் ரயில் பாதை, என் அக்கா வீட்டுத் தெருமுனையில் இறங்கி மண்ணுக்குள் போகிறது. அந்தத் தெருவில் ஒரே நாளில் பதினொரு வீடு முடிக்கச் சொன்னார்கள். அக்கா வீடு ஒன்பதாவது. கூடம், சமையலறை முடித்துவிட்டேன். பின்னறையில் மாமா தூங்கிக்கொண்டிருந்தார். அவருக்கு அச்சகத்தில் இரவு வேலை.

"எழுப்பட்டுமாடா? ரெண்டு நிமிஷந்தானே?" என்றாள் அக்கா.

"வேணாம்க்கா, தூங்கட்டும். எனக்குத் தெரியாத வீடா?"

பார்க்கவில்லை என்று எழுதினால் இன்னொரு நாள் வர வேண்டும், மேற்பார்வையாளர் வள்ளென்று விழுவார். எத்தனையோ வீடுகளுக்கு எழுதிப் பழகிய வரியைக் கை தானாக எழுதியது: 'பின்னறை, நான்கு சுவர்களிலும் பழைய விரிசல்கள்.' படத்துக்கு வேறொரு வீட்டுச் சுவரை ஒட்டினேன். வெள்ளையடித்த சுவர்தானே, யாருக்குத் தெரியப் போகிறது என்ற திமிர்.

ஏழு மாதம் கழித்துச் சுரங்க இயந்திரம் அந்தத் தெருவுக்கு அடியில் போனது. மூன்று நாள் அலமாரிப் பாத்திரங்கள் கடகடத்தன. நான்காம் நாள் பின்னறைச் சுவரில் கூரையிலிருந்து தரைவரை விரல் நுழையும் அளவுக்கு விரிசல்.

"புகார் குடுத்துட்டேன். உன் ஆபீஸ்தானே, சீக்கிரம் வரச் சொல்லுடா" என்று அக்கா தெம்பாகப் போன் பண்ணினாள். அப்போதே சொல்லியிருக்கலாம். "சரிக்கா" என்றேன்.

விசாரணைக்குப் பொறியாளர் வந்தார். கூட நானும் போக வேண்டியதாயிற்று. மாமாவுக்கு அன்று பகல் வேலையும் சேர்ந்துகொண்டதால் அக்கா மட்டும் இருந்தாள்.

"இது பழைய விரிசல்னு படிவத்துல எழுதியிருக்கும்மா," என்றார் அவர். " போட்டோவும் இருக்கு."

அக்கா படத்தை வாங்கிப் பார்த்தாள். அதில் ஒரு ஜன்னல் இருந்தது. அவள் பின்னறையில் ஜன்னலே கிடையாது. கீழே என் பெயர் இருந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"பாக்காம எழுதியிருந்தா சொல்லுங்கம்மா. எழுதினவர் வேலை போயிடும், ஆனா உங்களுக்குச் சுவர் கட்டித் தருவாங்க."

"இல்ல சார். முன்னாடியே இருந்துச்சு. நான்தான் குழம்பிட்டேன்."

பொறியாளர் 'பழைய விரிசல்தான்' என்று விசாரணைக் காகிதத்தில் எழுதி என் பக்கம் நகர்த்தினார். வாயைத் திறக்க அப்போதும் நேரம் இருந்தது. வீட்டுக் கடனும் பெண்ணின் பள்ளிக்கூடமும் கண்முன் வந்து நின்றன. கையெழுத்துப் போட்டேன்.

அந்த மழைக்காலத்தில் பின்னறைக் கூரை உட்கார்ந்துவிட்டது. வீட்டைப் பூட்டிவிட்டு, ரயில் பாதையின் கடைசி நிலையத்துக்கு அருகே வாடகைக்குப் போனார்கள். மாமா அதே ரயிலில் ஒன்றேகால் மணி நேரம் பயணம் செய்து வேலைக்குப் போகிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை அங்கே போயிருந்தேன். சமையலறையில் அக்கா தனியாக இருந்தாள்.

"அக்கா, அன்னிக்கு நான்..."

"தெரியும்டா. மாமாவுக்குத் தெரியாது. தெரியவும் வேணாம்."

சாப்பிட உட்கார்ந்தோம். மாமா என்னிடம்தான் அங்கலாய்த்தார்.

"உங்க அக்காவுக்கு வாய்ல சனி மாப்ள. இவ மட்டும் அன்னிக்கு உளறாம இருந்திருந்தா நம்ம வீட்டுலயே இருந்திருக்கலாம். நீ பக்கத்துலதானே நின்ன, இவ வாயப் பொத்தியிருக்கக் கூடாதா?"

அக்கா என் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டேன்.