வலது காலுக்கு வைத்த மைக்

அண்ணன் வந்து சேர்வதற்குள் அவள் டிரம்ஸ் செட்டைச் சுற்றி ஏழு மைக்குகளை நிறுத்தி முடித்திருந்தாள். நடுவிலிருக்கும் ஸ்னேர் டிரம்முக்கு ஒன்று, விளிம்பிலிருந்து இரண்டு விரல் உயரத்தில், பக்கத்திலிருக்கும் ஹைஹாட் தட்டுகளின் சத்தம் உள்ளே நுழையாதபடி முதுகைக் காட்டி. டாம் டிரம்களுக்கு மூன்று. தலைக்கு மேலே சிம்பல் தட்டுகளின் சத்தத்தைப் பிடிக்க இரண்டு. ஸ்னேரின் நடுப்புள்ளியிலிருந்து இரண்டும் ஒரே தூரத்தில் இருக்கவேண்டும் என்பதற்காக மின்சார வயர் ஒன்றை அளவுகோலாக்கி, முட்டி போட்டும் எக்கியும் நாலு தடவை அளந்தாள். அறையின் மூலையில் ஒன்று. காலால் அடிக்கிற கிக் டிரம்மின் மைக்கை மட்டும் கடைசிக்கு விட்டிருந்தாள். அதை அண்ணன் வாசிக்க வாசிக்கக் கேட்டுத்தான் வைக்க முடியும்.

டயர் கடைக்கு மேலே இரண்டு அறைகள். அதுதான் அவளுடைய ஸ்டூடியோ. ஓர் அறையில் வாசிப்பார்கள். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அவள் பதிவு செய்வாள். பன்னிரண்டு வருடமாக இதுதான் தொழில். ஆனால் சொந்த அண்ணன் வாசித்து அவள் பதிவு செய்தது கிடையாது. அவன் எப்போதும் ஊர் ஊராக மேடை மேடையாகப் போய்க்கொண்டிருந்தான். இப்போதுதான் நேரம் வாய்த்தது.

படியேறி வந்தவன் கதவருகிலேயே நின்று மூச்சு வாங்கினான்.

"ஏய் பாம்பு, ஸ்டூடியோ கட்டினியே, ஒரு லிஃப்ட் கட்டினியா?"

அவளுக்குக் காது கூர்மை என்பதால் சின்ன வயதில் அவன் வைத்த பேர் அது. பாம்புக்குக் காதே இல்லை என்று அவள் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு வந்து சண்டை போட்டும் அவன் மாற்றிக்கொள்ளவில்லை.

"நாப்பத்தஞ்சு வயசுக்கே படி ஏற முடியலையா? தொப்பையக் குறைண்ணா."

பின்னாலேயே மொட்டை வந்தார். பாட்டு அவருடையது. இருபது வருடம் முன்னால் ஒரு பந்தயத்தில் தோற்று மொட்டை அடித்தவர். இப்போது தோள் வரைக்கும் முடி தொங்குகிறது, பேர் மட்டும் போகவில்லை. அண்ணனும் அவரும் அன்றிலிருந்து ஒரே குழு.

கிக் டிரம்மின் முன்தோலில் இருந்த ஓட்டைக்குள் கனமான மைக்கைப் பாதி நுழைத்தாள். அண்ணன் பெடலை மிதித்தான். தும். தும். தும். வயிற்றில் இறங்குகிற சத்தம். "போதும்ணா, அருமை" என்றாள்.

பாட்டைத் தொடங்கியதும்தான் கோளாறு தெரிந்தது. கை வாசித்ததெல்லாம் மணி மணியாக இருந்தது. கிக் மட்டும் ஓர் அடி கேட்டது, அடுத்த அடி தேய்ந்தது, மூன்றாவது எங்கோ பஞ்சு மூட்டையில் விழுந்ததுபோல் போனது.

இந்தப் பக்கம் வந்து கேட்டுப் பார்த்த அண்ணன் உதட்டைப் பிதுக்கினான். "கிக்கு சப்புனு இருக்கே. மைக்க மாத்தேன்."

மாற்றினாள். இன்னும் உள்ளே தள்ளி, அடிக்கிற கட்டைக்கு நேராகத் திருப்பினாள். அடி விழும் 'டக்' கூடியது. ஏற்ற இறக்கம் அப்படியே இருந்தது. வேறொரு மைக்கை எடுத்து வந்தாள். டிரம்முக்குள் திணித்திருந்த தலையணையை உருவிவிட்டு மடித்த போர்வையை வைத்தாள். வெளியே ஒன்று, உள்ளே ஒன்று என்று இரண்டு மைக் போட்டுப் பார்த்தாள். கேபிளைக்கூட மாற்றினாள். ஒவ்வொரு தடவையும் அண்ணன் முதலிலிருந்து வாசித்தான். ஒவ்வொரு தடவையும், "இப்ப பரவாயில்லைல?" என்று கண்ணாடி வழியே கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான். அவளும் தூக்கிக் காட்டினாள்.

ஆறாவது பதிவு முடிந்ததும் திரையில் ஒலி அலைகளைப் பெரிதாக்கிப் பார்த்தாள். ஸ்னேரின் கோடுகள் தாளத்தின் மேல் ஒட்டி நின்றன. கிக்கின் கோடுகள் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்கி, பாட்டின் நடுவில் நன்றாகவே தள்ளாடின. மைக் சத்தத்தைக் கெடுக்கலாம். நேரத்தைக் கெடுக்காது.

மொட்டை பின்னால் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மைக் இல்லைல?" என்றார் மெதுவாக.

"இல்லைண்ணே."

"போன மாசமே எனக்குச் சந்தேகம். கேக்கலாம்னு வாயெடுப்பேன், அவன் ஏதாவது ஜோக்கடிப்பான். அப்படியே விட்ருவேன்." தாடையைத் தேய்த்துக்கொண்டார். "நீ சொல்லும்மா. தங்கச்சி சொன்னா கேப்பான்."

"நீங்க சொல்லுங்களேன். இருபது வருஷப் பழக்கம்."

"அதனாலதான் முடியலை."

உள்ளேயிருந்து அண்ணனின் குரல் ஒலிபெருக்கியில் வந்தது. "என்ன ரகசியம் பேசறீங்க? பாம்பு, அந்த மைக்க இன்னும் ஒரு இஞ்சு நகத்திப் பாரேன்."

ஒரு இஞ்ச் நகர்த்தினால் ஒன்றும் ஆகாது என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் எழுந்து போனாள். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை. டிரம்முக்கு முன்னால் முட்டி போட்டு ஸ்டாண்டின் திருகைத் தளர்த்தினாள். அப்போது தரையில் கேபிள் எங்கோ சிக்கியது. அதை விடுவிக்கப் பக்கவாட்டில் தலையை நீட்டியவள் பெடலைப் பார்த்தாள்.

அண்ணனின் வலது ஷூ பெடலோடு சேர்த்துக் கறுப்பு டேப்பால் சுற்றப்பட்டிருந்தது. அவளுடைய டேப். கேபிள்களைத் தரையோடு ஒட்டுவதற்கு அவள் வாங்கி வைத்த சுருள் அவன் ஸ்டூலின் அடியில் கிடந்தது.

நிமிர்ந்தாள். அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எத்தனை நாளாண்ணா?"

"மைக் வெச்சிட்டியா?"

"அண்ணா..."

"வெச்சிட்டியான்னு கேட்டேன்."

"வெச்சிட்டேன்."

"அப்ப போய் ரெக்கார்ட் பண்ணு."

போனாள். பொத்தானை அழுத்தினாள். முதல் சரணம் வரை பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்தான். அவன் கழுத்து நரம்பு புடைப்பது கண்ணாடிக்கு இந்தப் பக்கமே தெரிந்தது. இரண்டாவது சரணத்தில் கிக்கின் சத்தம் ஓர் இடத்தில் விட்டுப் போனது. திரும்பி வரவே இல்லை. கைகள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. மொட்டை தரையைப் பார்த்தபடி நின்றார். பாட்டு முடிகிறவரை அவன் வாசித்து, குச்சிகளை ஸ்னேர் மேல் வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். எழுந்திருக்க முடியாது, கால் கட்டியிருந்தது.

அவள் கத்தரிக்கோலோடு போய் டேப்பை வெட்டினாள். ஷூவுக்குள் பாதம் ஈரத்துணி மாதிரி ஒரு பக்கம் சாய்ந்தது.

"அஞ்சு மாசம்," என்றான். "நரம்புங்கறாரு டாக்டர். எது வரைக்கும் போகும்னு அவருக்கே தெரியலையாம். மாத்திரை குடுத்திருக்காரு. அது இருக்கறத இழுத்துப் பிடிக்கும், போனதக் கொண்டுவராதாம்."

"வேற டாக்டரப் பாக்கலாம்ணா. நான் விசாரிக்கறேன்."

"மூணு பேரப் பாத்தாச்சு."

மொட்டை வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினார். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லடா."

"சொன்னா நீ என்ன பண்ணியிருப்ப? அழுதிருப்ப. உன் அழுகை உன் பாட்ட விடக் கண்றாவியா இருக்கும்."

அவன் குச்சிகளைத் திரும்பக் கையில் எடுத்துக்கொண்டான். "கிக்க கம்ப்யூட்டர்ல போட்டுக்கங்க. கையாவது நான் வாசிச்சதா இருக்கட்டும். அந்த மைக்க எடுத்துடு பாம்பு. சும்மா எதுக்கு நிக்குது."

எடுத்தாள். கேபிளைச் சுருட்டும்போது இரண்டு தடவை தவறவிட்டாள். தாளம் எண்ணுகிற மெட்ரோனோம் ஒலியைக் காதில் போட்டுக்கொண்டு அவன் கைகளால் மட்டும் வாசித்தான். முதல் தடவையிலேயே சரியாக வந்துவிட்டது. அவ்வளவு சுத்தமான வாசிப்பை அந்த அறையில் அவள் பிடித்ததில்லை.

சாயங்காலம் படியிறங்க மொட்டை ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமும் பிடித்துக்கொண்டார்கள். காரருகே வந்ததும் அண்ணன் கதவைத் திறந்து, ஓட்டுபவருக்குப் பக்கத்துச் சீட்டில் கால்களை வெளியே வைத்தபடி உட்கார்ந்து, சாவியை அவள் கையில் வைத்தான்.

"ஒரு வாரமா இடது கால்ல ஓட்டறேன். நேத்து கேட்ல போய் முட்டிட்டேன். உங்க அண்ணிகிட்ட, கேட் துருப்பிடிச்சு அதுவா வளைஞ்சுடுச்சுன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

"அண்ணிக்கு எதுவுமே தெரியாதா?"

"டாக்டர்கிட்ட போனதே தெரியாது. நீ சொல்லிடுறியா? எனக்கு எப்படி ஆரம்பிக்கறதுன்னே தெரியலை."

அவள் பதில் சொல்வதற்குள் அவன் சட்டைப் பையில் போன் அடித்தது. அண்ணிதான். அவன் எடுத்துப் பார்த்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டான். அடித்து ஓய்ந்தது. திரும்ப அடித்தது. போனை அவள் பக்கம் நீட்டினான்.

வாங்கிக் காதில் வைத்தாள்.

"எங்க போய்த் தொலைஞ்சாரு உங்க அண்ணன்? பாட்டெல்லாம் நல்லா வந்துச்சா?"

"நல்லா வந்துச்சு அண்ணி," என்றாள். "இதோ வந்துட்டிருக்கோம்."

மறுமுனையில் அண்ணி வேறென்னவோ கேட்டாள். பக்கத்தில் அண்ணன் இரண்டு கைகளாலும் வலது காலைத் தூக்கி வண்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தான்.