பேப்பரில் வந்த சாவு

"பேரை இன்னொரு தடவை சொல்றேன், எழுதிக்கோங்க" என்று மகன் பேப்பர் ஆபீசுக்குப் போனில் சொல்லிக்கொண்டிருந்தபோது, அம்மா எழுந்துபோய் அவன் கையைப் பிடித்தாள்.

"பேப்பர்ல போடாதே."

அவன் போனைக் காதிலிருந்து எடுத்தான். கூடத்தில் அப்பா கிடத்தப்பட்டிருந்தார். காலையில் முகம் கழுவப் போனவர், குழாயை மூடாமலே சரிந்துவிட்டார்.

ஆயுசெல்லாம் இன்ஜின் ஓட்டின மனுஷன், நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா என்று மகன் கேட்டான். மருமகளும் ஒத்து ஊதினாள்.

அவருக்கு ஒரு பைத்தியம் உண்டு. பழைய பேப்பர் கடையில் உட்கார்ந்து, ரயில் விபத்துச் செய்தியாகத் தேடித் தேடி வாங்கி வருவார். பாலம் உடைந்து பெட்டிகள் ஆற்றில் விழுந்தது, ராத்திரி சிக்னல் தவறியது, எல்லாம் அவர் பிறப்பதற்கு முன்னால் நடந்தவை. இறந்தவர் பட்டியலில் விரலை ஓட்டி, "இதுல யாரு பேரு மாறிப்போச்சோ" என்பார். ஊரில் ஆண்கள் ராசிபலன் பார்த்தால் எங்கள் வீட்டில் விபத்து பார்க்கிறார் என்று மருமகள் கேலி செய்வாள். "பேப்பர்ல ஒரு தடவை செத்தவனுக்கு ஆயுசு கெட்டி" என்று அவரும் சிரிப்பார்.

சிரிப்பு அத்தோடு நிற்கும். மற்றதை அவரும் சொன்னதில்லை, அவர் மனைவியும் சொன்னதில்லை.

கல்யாணமான புதிது. அவர் ஓட்டிப்போன வண்டி, நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியது. டிரைவர் பலி, கரி அள்ளிப் போடும் ஃபயர்மேன் காயமின்றித் தப்பினார் என்று காலைப் பேப்பரில் வந்தது. முதலில் ஓடிவந்தவள் ஃபயர்மேன் மனைவிதான். தன் புருஷன் பிழைத்த சந்தோஷத்தை முகத்தில் காட்டாமல், பகல் முழுக்க இவளை மடியில் போட்டுக்கொண்டு தலையைக் கோதினாள். சாயங்காலம் வாசலில் ஜீப் நின்றது. நெற்றிக் கட்டோடு இறங்கியவர் இவள் புருஷன்; பேப்பரில் பேர் மாறிப்போயிருந்தது.

இவள் அந்த மடியிலிருந்துதான் எழுந்து ஓடினாள். திரும்பிப் பார்க்கவேயில்லை. பிறகு நினைவு வந்து பார்த்தபோது அந்த இடம் காலியாக இருந்தது.

அதற்கப்புறம் கடைத்தெருவில் எதிர்ப்பட்டால் இருவருமே வேறு பக்கம் பார்த்துக்கொள்வார்கள்.

"காரை எடு" என்றாள் மகனிடம்.

"அப்பாவை விட்டுட்டு எங்கம்மா?"

"இவர் எங்கேயும் போயிட மாட்டார். வா."

ஃபயர்மேன் வீட்டுக் கதவை இவளே தட்டினாள். நரைத்துப்போயிருந்த அந்த அம்மாள் கதவைத் திறந்து, இவளை நெடுநேரம் பார்த்தாள்.

"அக்கா, அவர் போயிட்டார். இந்தத் தடவை நிஜம்தான். நீங்க பேப்பர்ல பார்த்துத் தெரிஞ்சுக்கக் கூடாதுன்னு வந்தேன்."

உள்ளே அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. அந்த அம்மாள் போய் அணைத்துவிட்டு வந்தாள். அழுவாள் என்று இவள் நினைத்தாள். திட்டினாலும் வாங்கிக்கொள்ளத்தான் வந்திருந்தாள்.

"சாப்பிட்டியா?" என்றாள் அந்த அம்மாள்.

இவள் இல்லையென்று தலையசைத்தாள்.

அந்த அம்மாள் செருப்பை மாட்டிக்கொண்டு கதவைச் சாத்தினாள். சாவி பூட்டில் நுழையாமல் நழுவி நழுவிப் போயிற்று. இவள் அதை வாங்கிப் பூட்டி, இழுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.